கோழிக்குச் சட்டை தைத்த மிஷின் அக்கா

பிளம்பர் முதன்முதலாகப் பேன்ட் தைக்க வந்த நாளில் மிஷின் அக்கா அவரை வேலை வாங்கினார். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க தம்பி" என்றார். அவர் போய்ச் சாத்திவிட்டு வந்தார். வந்து நிற்பதற்குள், "ஐயோ, புழுங்குதே, திறந்தே விட்டுடுங்க" என்றார். அவர் மறுபடி போய்த் திறந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வந்த மனுஷரை இப்படி நடக்க விடுகிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

பேன்ட் தயாராகிப் பட்டன் தைக்க என் கைக்கு வந்தபோது பார்த்தேன். ஒரு கால் மற்றதைவிட விரலகலம் குட்டையாக இருந்தது. பிளம்பர் வேறு வந்து எதிரே நின்றுகொண்டிருந்தார். "அக்கா, இது ஒரு கால்..." என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்காவின் குதிகால் என் பாதத்தின் மேல் ஏறி நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிளம்பர் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் செருப்பைத் தொட்டு நின்றன. சின்ன வயதில் எங்கோ விழுந்து அவருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. வேறு எங்கே தைத்தாலும் அந்தப் பக்கம் தரையில் இழுபட்டுக் கிழியும். அவரும் சொல்லக் கூச்சப்பட்டு, அந்தக் காலை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு திரிவார். அன்று கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து பார்த்தார். ஜன்னல் வரை அவரை அக்கா நடக்கவிட்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"புடிச்சிருந்தா போட்டுட்டே போங்க. பழசை அளவுக்கு இங்கேயே விட்டுடுங்க. அடுத்த தடவை துணியைக் கொடுத்தனுப்பினா போதும்" என்றார் அக்கா.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "வாயில ரெண்டு ஊசியை வச்சுக்கோ. அப்பவாவது பேசாம இருப்பே."

இதே பிளம்பரோடுதான் அக்கா பிற்பாடு மல்லுக்கு நின்றார். காரணம் கோழி. இல்லை, நாய். அக்காவைக் கேட்டால் ரெண்டும் இல்லை, மனுஷன்தான் என்பார்.

அக்கா வீடும் எங்கள் வீடும் ஒட்டியவை. முன்னறைதான் அவருடைய கடை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது, வேலைக்குப் போடும் முரட்டு உடுப்புகள் தைப்பது, இவ்வளவுதான். வீட்டு வேலை முடிந்ததும் நான் போய் பட்டன், காஜா, ஹெம்மிங் வேலைகளைச் செய்து கொடுப்பேன். மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அக்காவைப் போலப் பொறுமைசாலி கிடையாது. ஒரு தையல் கோணினால் முழுக்கப் பிரித்துவிட்டு மறுபடி போடுவார். எழுந்து நின்றால் அந்தப் பொறுமை மிஷினிலேயே தங்கிவிடும்.

அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். எதைச் சொன்னாலும் "விடு, பார்த்துக்கலாம்" என்பது அவர் வழக்கம். "வேலையை விட்டு வர்றப்ப இவர் பஸ்ஸை அங்கேயே நிறுத்திட்டு பிரேக்கை மட்டும் கழட்டிக் கொண்டுவந்துட்டார்" என்பார் அக்கா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம். துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் பழைய பலகைகளை அடித்துச் செய்த கோழிக்கூடு. கோழிகள் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கொழுத்திருந்த பழுப்புக் கோழிக்குப் பெரியம்மா என்று பெயர். வால் இறகு கொட்டிப்போன ஒன்றுக்கு மொட்டை. யார் கிட்டே போனாலும் கொத்த வரும் ஒன்றுக்குச் சிடுமூஞ்சி. அக்கா பின்வாசலில் நின்று கத்திரிக்கோலைச் சும்மா காற்றில் வெட்டுவார். அந்தக் கிரீச் சத்தம் கேட்டால் போதும், அத்தனையும் தலைதெறிக்க ஓடிவரும்.

"எதுக்கக்கா இந்தத் தொல்லை? முட்டை கடையிலதான் கிடைக்குதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"முட்டைக்கா வளர்க்கறேன்? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு எதிர்ல இந்தச் சுவர்தான். பேசினா உங்க மாமா தூங்கிடறார். கோழி மட்டும் இல்லைன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன். காலு ரெண்டும் வீங்கி, இந்த ஸ்டூலோட சேர்த்துத்தான் என்னைத் தூக்கணும்."

அது மெய்தான். நாளெல்லாம் மிதித்து அவர் கால் நீர் கோத்திருக்கும். மருத்துவர் அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார். மருத்துவருக்காக அக்கா எழவில்லை. பெரியம்மா ஒரு குரல் கொடுத்தால் எழுந்துவிடுவார்.

அந்த வருஷம்தான் பின்பக்கத்து வீட்டில் இருந்த பிளம்பர் ஒரு நாய் கொண்டுவந்தார். அக்காவின் முற்றத்துக்கும் அவர் முற்றத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஓரிடத்தில் செங்கல் சரிந்து இடுப்புயரத்துக்கு இறங்கியிருந்தது. நாய் செம்பட்டை நிறம், காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். பிளம்பருக்குப் பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை. நாய்க்குத் தம்பி என்று பெயர் வைத்துக் கொஞ்சினார். அதுநாள் வரை பிளம்பரை அக்காதான் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது சுவரோரம் நின்று "தம்பி" என்றால் நாய் ஓடிவந்தது.

பிளம்பருக்குத் தன் நாயைப் பற்றிப் பெருமை சொல்லி மாளாது. "என் செருப்பைத் தேடி எடுத்துட்டு வருவான் அக்கா. என் கைக்குட்டை தெருவில விழுந்தாக்கூடக் கவ்விக்கிட்டு வந்து காலடியில வச்சுட்டுத்தான் மறுவேலை. என்னோட சாமான்னா ஒரு பல்லுகூடப் படாது" என்பார். அவர் வேலைக்குப் போய்விட்டால் நாய் ஊர் சுற்றும். கட்டிப்போடுவது பாவம் என்பது பிளம்பரின் கொள்கை.

முதலில் போனது ஒரு வெள்ளைக் கோழி. தொட்டியைச் சுற்றி இறகு சிதறிக் கிடந்தது. அக்கா நேரே சுவரோரம் போய்க் கூப்பிட்டார்.

"உங்க நாய் என் கோழியைக் கொன்னுடுச்சு."

"தம்பியா? சேச்சே. பாலும் பன்னும் சாப்பிடற பிள்ளை அக்கா அவன். வேற எந்த நாயோ வந்திருக்கும்."

"வாயில இறகு ஒட்டியிருக்கே!"

பிளம்பர் குனிந்து பார்த்தார். "தலையணையைக் கிழிச்சிருப்பான் அக்கா. அந்தக் குறும்பு மட்டும் இருக்கு."

அக்கா திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தார். மிதித்த மிதியில் நூல் அறுந்தது. "என்னை அக்காங்கறார். நாயைத் தம்பிங்கறார். அப்போ என் கோழியைத் தின்னவன் எனக்கு உடன்பிறந்தவனா?"

சிரிக்கக்கூடாது என்று நான் ஊசிக்குள் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். செத்த உயிருக்காக மனசுக்குள் ஒரு வேண்டுதல் செய்தேன். அக்காவுக்கு என் உதடு அசைந்தது தெரிந்துவிட்டது. "வேண்டறதுதான் வேண்டறே, அந்த நாயைக் கட்டிப்போட ஒரு கயிறு கிடைக்கட்டும்னு சேர்த்து வேண்டிக்கோ" என்றார்.

நான் மெய்யாகவே வேண்டிக்கொண்டேன். கயிறு கிடைக்கவும் செய்தது. மாமா எங்கிருந்தோ நல்ல முறுக்குக் கயிறாகக் கொண்டுவந்தார். அக்கா அதைக் கையோடு பிளம்பரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால், அந்தக் கயிற்றில் அவர்கள் வீட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அக்கா செய்யாததில்லை. சரிந்த சுவர்மேல் கம்பிவலை கட்டினார். நாய் கீழே மண்ணைத் தோண்டி வந்தது. தோண்டிய இடத்தில் கல்லைப் போட்டு அடைத்தார். நாய் வலையைப் பல்லால் இழுத்துச் சாய்த்துவிட்டு மேலே ஏறி வந்தது. யாரோ சொன்னார்கள் என்று சுவரோரம் முழுக்க மிளகாய்ப்பொடி தூவினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. முன்னறையில் கோட்டின் இடுப்பைப் பிடிக்க வந்த ஒரு பெரிய மனிதர் தும்மித் தும்மி, பிடித்துவைத்த குண்டூசியெல்லாம் குத்தி, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கோழிகளின் கழுத்தில் சின்ன மணி கட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டால் நாம் ஓடலாம் என்று கணக்கு. நமக்கு முன்னால் நாய்க்குக் கேட்டது. எந்தக் கோழி எங்கே மேய்கிறது என்று அது தேடவேண்டிய வேலையும் மிச்சமாயிற்று. அந்த வாரம் இன்னொன்று போனது.

மாமாவைக் காவலுக்கு வைத்தார். மாமா நாற்காலி போட்டு, கையில் தடியோடு பின்வாசலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தமும் இல்லையே என்று அக்கா எட்டிப் பார்த்தார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில், அவர் காலில் தலையை வைத்து நாயும் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது!"

மாமா கண்ணைத் திறந்தார். "ஒண்ணும் பண்ணலையே. பாவம், படுத்திருக்கு."

"கோழிக்குக் காவல் வச்சா நாய்க்குக் காவல் இருக்கீங்க!"

கூட்டிலேயே பூட்டி வைத்தும் பார்த்தாயிற்று. வெளிச்சமும் நடையும் இல்லாமல் கோழிகளுக்குள் சண்டை வந்தது. ஒன்றை ஒன்று கொத்தி முதுகு இறகெல்லாம் பிய்ந்துபோயின. முட்டையிடுவதும் நின்றது. உள்ளே கோழி கத்தும், வெளியே நாய் குரைக்கும், நடுவில் அக்காவின் குரல். முன்னறைக்கு வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் பிரிப்பார்கள்.

சுவரைக் கட்டிக்கொடுக்கும்படி பிளம்பரைக் கேட்டால் தலையை நன்றாகவே ஆட்டுவார். "அடுத்த வாரம் முடிச்சுடறேன் அக்கா. என்கிட்ட இல்லாத பைப்பா? ஒரு வேலியே அடிச்சுத் தர்றேன்." அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. ஊரிலுள்ள குழாயெல்லாம் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறவருக்குத் தன் வீட்டு நாய் ஒழுகுவதை அடைக்க நேரமில்லை என்று அக்கா பொருமினார்.

கடைசியில் ஒரு நாள், கோழிகளைத் திறந்துவிட்டுத் துணி உதறிக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவின் கண்ணெதிரேயே சிடுமூஞ்சி போனது. அன்று அவர் யாரையும் திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கே அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதோ பாரும்மா, இருக்கறது நாலு. இன்னொண்ணு போற வரைக்கும் பார்ப்போம். போச்சுன்னா மிச்சத்தை யாருக்காவது கொடுத்துடலாம். நீ இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

எப்போதும் சொல்கிற "விடு" இல்லை இது. அக்காவும் அதைப் புரிந்துகொண்டார். "சரி. இன்னொண்ணு போச்சுன்னா நானே கூட்டை உடைச்சுடறேன். சத்தியம்" என்றார். சத்தியமெல்லாம் எதற்கு என்று நான் பதறினேன். அதற்குள் அக்கா வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா சத்தியம் செய்தால் மீறுகிறவர் இல்லை. கோழி போனால் அவரும் அந்த ஸ்டூலோடு ஒட்டிக்கொள்வார் என்பது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

இரண்டு நாள் அக்கா யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது மொட்டையை மேஜைமேல் நிறுத்தி, டேப்பால் அதன் முதுகை அளந்துகொண்டிருந்தார்.

"நாய் எப்பவும் முதுகிலதான் கவ்வுது. பல்லு உள்ள இறங்கினாத்தானே சாகும்? இறங்காத மாதிரி தைச்சுட்டா?"

"கோழிக்கா?"

"வேற யாருக்கு, உனக்கா? அசையாம புடி."

கழுத்திலிருந்து வால் வரை முதுகை மூடும்படி இரட்டைத் துணி. இரண்டு இறக்கைக்கும் அடியில் எலாஸ்டிக். மார்பில் ஒரு பிரஸ் பட்டன். காகிதத்தில் வெட்டிப் போட்டுப் பார்த்தபோதே பொருத்தமாக இருந்தது. ஆனால் துணி கனமாக வேண்டும். கடையில் இருந்த வெட்டுத் துண்டுகளெல்லாம் சட்டைத் துணி, திரைச்சீலைத் துணி. அக்கா அலமாரியைக் குடைந்தார். அளவுக்காக விட்டுப்போன உடுப்புகளைப் பைகளில் கட்டி அடுக்கியிருப்பார். அதில் ஒரு பையைப் பிரித்தார். பிளம்பரின் பழைய காக்கிப் பேன்ட். வேலையிலிருந்து நேரே வந்து கழற்றிக் கொடுத்தது. பையைத் திறந்ததும் கிரீஸும் வியர்வையும் குழாய்ப் பசையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது.

"அக்கா, அளவுத் துணியை வெட்டலாமா? அடுத்தவங்க சாமான்."

"அளவு எனக்கு மனப்பாடம். அவர் நாய் கடிக்கறதுக்கு அவர் துணியே போதும். என் துணி எதுக்குக் கிழியணும்?"

"துவைச்சுட்டாவது..."

"கோழி என்ன கல்யாணத்துக்கா போகுது?"

கத்திரியைப் போட்டுவிட்டார். ஒரே பேன்ட்டில் நான்கு சட்டையும் ஆயிற்று. பட்டன் வேலை என்னுடையது. பின்பக்கத்துப் பாக்கெட் இருந்த பாகம் தடிப்பாக இருக்கிறது என்று அதைப் பெரியம்மாவின் முதுகுக்கு வைத்தார் அக்கா. காக்கியைப் போட்டுக்கொண்டு கோழிகள் முதலில் பின்பக்கமாகவே நடந்தன, பிறகு விழுந்தன, பிறகு பழகிவிட்டன. நாலும் வரிசையாக முற்றத்தில் நடந்ததைப் பார்த்து மாமா எழுந்து சல்யூட் அடித்தார். "டூட்டிக்கு வந்துட்டாங்கப்பா."

சட்டை போட்ட மறுநாள் பிளம்பருக்கு விடுமுறை. நான் திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா போட்ட கூச்சலில் ஊசி விரலில் ஏறியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாய் முற்றத்தில் நின்றிருந்தது. ஆனால் பாயவில்லை. பெரியம்மாவை முகர்ந்து பார்த்தது. வால் ஆடியது. மறுபடி ஆழமாக முகர்ந்தது. வால் இன்னும் வேகமாக ஆடியது. பிறகு, கீழே விழுந்த ஒரு பொருளை எடுப்பதுபோல, முதுகுச் சட்டையைப் பதமாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு சுவரேறிப் போய்விட்டது. பெரியம்மா திகைப்பில் கத்தக்கூட மறந்து, கால் இரண்டும் தொங்க, பையில் போட்ட காய்கறி மாதிரி போனது.

"போச்சா?" என்றார் மாமா, உள்ளேயிருந்து.

அக்கா கழுத்தில் டேப்போடு, கையில் கத்திரியோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவைச் சுற்றி ஓடினார். அந்தக் கால்களோடு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. 'ஆண்டவனே, அந்தச் சத்தியத்தை மட்டும் கணக்கில் வைக்காதே' என்று வேண்டிக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

பிளம்பர் தன் வீட்டு வாசற்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பெரியம்மா நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. ஓர் இறகுகூட உதிரவில்லை. பக்கத்தில் நாய் உட்கார்ந்து, சபாஷ் சொல்லுங்கள் என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா மூச்சு வாங்க நின்றார். பிளம்பர் கோழியைப் பார்த்தார், குனிந்து இன்னும் கிட்டே பார்த்தார்.

"அக்கா... இது என் பேன்ட் பாக்கெட் மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன மாதிரி? அதுதான்."

"என் பேன்ட்டை எதுக்குக் கோழி போட்டிருக்கு?"

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. இந்த நாய் யாரோடது? வழி தவறி வந்ததா? பாலும் பன்னும் சாப்பிடற பிள்ளைக்கு என் முற்றத்தில என்ன வேலை?"

"இல்லக்கா, இவன் இன்னிக்குத்தான் முதல் தடவையா..."

"முதல் தடவையா?"

"அதாவது, துணி வாடைக்கு... என் சாமான்னு நினைச்சு..."

அவர் தடுமாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நாய் எழுந்து உள்ளே போயிற்று. அக்கா விரலை நீட்டி, வெள்ளைக் கோழியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சிடுமூஞ்சிக்கு வருவதற்குள் நாய் திரும்பி வந்துவிட்டது. வாயில் மொட்டை. அதையும் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் பதமாக வைத்துவிட்டு மறுபடி கிளம்பியது.

"தம்பி! நில்லுடா!" என்று பிளம்பர் கத்தினார்.

நாய் நிற்கவில்லை. எசமான் அவசரப்படுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் வேகமாகப் போனது. பிளம்பரின் மனைவி சத்தம் கேட்டு வெளியே வந்தபோது வாசலில் மூன்று காக்கிக் கோழிகள் நின்றிருந்தன. நான்காவது வழியில் வந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாளா தலையணை தலையணைன்னீங்களே. நம்ம வீட்டுல எந்தத் தலையணை கிழிஞ்சிருக்கு?" என்று அந்தம்மா தன் வீட்டுக்காரரைக் கேட்டார். பிளம்பர் டீயைக் குடித்தார். டம்ளரில் டீ இல்லை.

திரும்பி வரும்போது கோழிகளை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டோம். வாசலில் மாமா கவலையோடு நின்றிருந்தார். அக்கா முந்திக்கொண்டு, "ஒண்ணும் போகல. விருந்தாடிப் போயிட்டு வந்திருக்கு. சத்தியம் அப்படியே இருக்கு" என்றார். நான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

இத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். தீரவில்லை. சட்டையைக் கழற்றினால் கோழி உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கழற்றாவிட்டால் நாய் நாள்தோறும் அத்தனையையும் பொறுக்கி எசமான் வாசலில் சேர்த்துவிடுகிறது. வேறு துணியில் தைக்கலாமே என்றேன். "வேற துணின்னா கடிக்கும். இந்தத் துணின்னா தூக்கும். எது மேல், நீயே சொல்லு" என்றார் அக்கா. அதனால் பிளம்பர் வேலைக்குப் போன பிறகு, கூடையை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய்க் கோழிகளைக் கூட்டிவருவது அவருக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. போனால் உடனே திரும்ப முடியாது. ஒன்று அவர்கள் தண்ணீர் டிரம்முக்கு அடியில் இருக்கும், ஒன்று பைப் குவியலுக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் பெரியம்மா அங்கேயே, வெட்டுப் பைப்புகள் வைத்திருந்த பெட்டியில், முட்டையிட ஆரம்பித்தது.

"தீனி இங்க, முட்டை அங்க. மருமகளா அனுப்பி வச்ச மாதிரி இருக்கு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிளம்பரின் மனைவி முட்டைகளை ஒன்று விடாமல் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே, "எங்க வாசலைக் கழுவி மாளலை அக்கா" என்பார்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றே? வேலி போடறேன்னு வாக்குக் கொடுத்தவர்கிட்டச் சொல்லு."

அந்தம்மா சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொன்னார் என்று தெரியாது. அடுத்த விடுமுறையன்று விடிந்ததும் பின்னால் ரம்பமும் சுத்தியலும் சத்தம் கேட்டது. சரிந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசி, அதற்கு மேல் ஆள் உயரத்துக்குப் பைப் நட்டு, நெருக்கமாகக் கம்பிவலை இழுத்துக் கட்டி, பொழுது சாய்வதற்குள் பிளம்பர் வேலியை முடித்துவிட்டார். அடியிலும் தோண்ட முடியாதபடி பைப்பைப் படுக்கப் போட்டுச் சிமெண்ட் வைத்தார். வேலை என்று இறங்கிவிட்டால் அந்த மனுஷர் கையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஒரு நாள் வேலை! இந்த ஒரு நாள் வேலைக்கா என் அத்தனை கோழியும் செத்துச்சு? என் வாசல்ல ரத்தம் கிடந்தப்ப வராத வேலி, அவங்க வாசல்ல எச்சம் விழுந்ததும் வந்துடுச்சு பார்த்தியா?"

பிளம்பர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தப்புதான் அக்கா" என்றார், மெதுவாக. அக்கா அந்த மாதமே புதுக் காக்கித் துணி எடுத்து அவருக்கு ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தார். "வெட்டினதுக்குப் பதிலு. வேற ஒண்ணும் நினைச்சுக்க வேண்டாம்" என்று சொல்லிக் கொடுக்கும்படி என்னிடம்தான் கொடுத்தனுப்பினார்.

வேலி வந்த பிறகு கோழிச் சட்டைகளைக் கழற்றியாயிற்று. நாய் மட்டும் வெகுநாள் வேலியோரம் வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, கோழிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பிளம்பர் அதைப் பகலில் கட்டிப்போடவும் ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றுதான் சொல்லவேண்டும். பாதி நாள் கட்டுவார், பாதி நாள் மறந்துவிடுவார். தெருப்பக்கத்துக் கேட்டை யாராவது திறந்து வைத்தால் நாய் சுற்றிக்கொண்டு வந்துவிடும். "கட்டியாச்சா?" என்று அக்கா வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். "கட்டிட்டேன் அக்கா" என்று பதில் வரும். அக்கா அதை நம்பாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டைத் திறப்பார். பல நாள் திறக்காமல் இறங்கியிருக்கிறார்.

கோழிகள் பெருகி மறுபடி ஏழெட்டு ஆயின. அக்காவின் கால்தான் தேறவில்லை. சில வருஷம் கழித்து மிஷினை மிதிக்கவே முடியாமல் போனது. வெளியூரில் இருந்த மகள் வந்து, இருவரையும் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். மாடி வீடு. அங்கே கோழிக்கு இடமில்லை. அக்கா மூன்று நாள் சண்டை போட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். மிஷின் இன்னொருவருக்குப் போயிற்று. கோழிகளை என்னிடம் விட்டார். கோழிகள் பழைய முற்றத்திலும் மேயும்படி, அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒரு சின்ன வாசல் வைத்துக் கூட்டை எங்கள் முற்றத்துப் பக்கம் நகர்த்திக் கொடுத்தது பிளம்பர்தான்.

கிளம்புகிற அன்று வாசலில் கார் நின்றது. மாமா முன்னால் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்காவைப் பிளம்பரும் நானுமாகத் தாங்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தோம். நாயும் வந்து கார்ச் சக்கரத்தை முகர்ந்துகொண்டு நின்றது. எனக்கு அழுகை முட்டியது. "ஆண்டவன் உங்க காலுக்குச் சுகம் கொடுக்கட்டும் அக்கா" என்று சொன்னேன்.

"காலை விடு. கோழியைச் சொல்லு. ஒழுங்கா பார்த்துக்குவியா?"

"பார்த்துக்கறேன்."

"நானும் இருக்கேன் அக்கா" என்றார் பிளம்பர். "கவலைப்படாம போங்க. இனிமே தம்பியைக் காலையில கட்டிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கார் நகர ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த வருஷமே போய்விட்டார் என்று மாமாவிடமிருந்து சேதி வந்தது. கிளம்பிய அன்று அவர் கார் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து இழுத்து, பிளம்பருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார்:

"கோழியை நம்பு. அந்த நாயைக்கூட நம்பு. இவர் வந்து 'கட்டிட்டேன்'னு சொன்னா மட்டும், ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்துட்டுக் கூட்டைத் திற."